மூன்றாவது முடிச்சு

கதவைத் திறந்தவனின் சிரிப்பு பார்த்ததுமே குல்ஷாராவுக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சிரிப்பில் குறை ஒன்றும் இல்லை. வாய் நிறைய, கண் நிறைய, கன்னம் நிறையச் சிரித்தான் யெர்மெக். நாற்பத்தாறு வயது, வழுவழுவென்ற முகம், விரல்களில் ஆட்டுக் கொழுப்பின் பளபளப்பு. அந்த விரல்களை இடுப்புத் துணியில் ஒரு தடவு தடவிவிட்டு அப்படியே நீட்டினான்.

"வாங்க, வாங்க! அப்பா நேத்தே சொல்லிட்டாரு, துப்பறியிற அம்மா வர்றாங்கன்னு. எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? நீங்களே உங்க கண்ணால பார்த்து, ஒண்ணும் இல்லைன்னு அவருக்குச் சொல்லிடுங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டேங்குறாரு, பாவம்."

இருபத்திரண்டு வருடம் போலீசில் இருந்தவள் குல்ஷாரா. 'பாவம்' என்ற சொல்லை அதிகம் சொல்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. கையுறையைக் கழற்றாமலே அந்தக் கையைத் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள்.

பின்னால் வந்த அவளுடைய உதவியாளன் தில்முராத் கதவைச் சாத்தக் கைப்பிடியில் விரலை வைத்தான். 'பட்'டென்று ஒரு நீலப் பொறி.

"அம்மாடியோ!" துள்ளினான். "உங்க வீட்டுக் கதவு கடிக்குது சார். தடுப்பூசி போட்டீங்களா?"

"வெளியில மைனஸ் முப்பது டிகிரி குளிரு, உள்ள ரேடியேட்டர் கொதிக்குது. காத்து காஞ்சு கிடக்கு, அவ்வளவுதான்," என்று சிரித்தான் யெர்மெக். "செருப்பு போட்டுக்கங்க. எல்லாருக்கும் வாங்கி வச்சிருக்கேன்."

வாசலில் வரிசையாக ஆறு ஜோடி வீட்டுச் செருப்புகள். ரோஜா நிறம், புசுபுசுவென்று பொம்மை நாய்க்குட்டிபோல. தில்முராத் முன்னாளில் கரகண்டா நகரக் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்த்தவன். தன் பெரிய பாதங்களை அவற்றுக்குள் திணித்துக்கொண்டு குல்ஷாராவின் காதருகே குனிந்தான். "அக்கா, இதைப் போட்டுக்கிட்டு நம்ம யாரையாவது கைது பண்ணா அவன் சிரிச்சே செத்துடுவான்."

"நமக்குக் கைது பண்ற அதிகாரமே கிடையாது."

"அதுவும் நல்லதுதான்."

முந்தின நாள் மதியம் யெர்மெக்கின் அப்பா சபர்காலி, எழுபத்தெட்டு வயதுக்காரர், கண் முக்கால்வாசி போனவர், தடியைத் தட்டிக்கொண்டே அவர்களுடைய அலுவலகத்தின் நான்கு மாடியையும் ஏறி வந்திருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "என் வீட்டுல ஒரு கம்பியை யாரோ அறுக்கிறாங்க," என்றார். "வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள யாருன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கப்புறம் நான் எது சொன்னாலும் செல்லாது. பைத்தியம்னு எழுதிடுவாங்க."

இன்று வியாழக்கிழமை. கூடத்துக் கடிகாரத்தில் பத்து ஐம்பது.

*

கிழவரின் அறைக் கதவைத் திறந்ததும் ஈரச் சலவை வாடை முகத்தில் அடித்தது. அறையின் குறுக்கே கயிறு கட்டி நான்கு படுக்கை விரிப்புகள் சொட்டச் சொட்டத் தொங்கின. தெருவைப் பார்த்த மூன்று ஜன்னல்களிலும் நீர் வழிந்தது. தரை முழுக்க ஊதா நிற நைலான் கம்பளம். நடுவில் நாற்காலி, அதில் சபர்காலி, அவர்மேல் பச்சை வண்ணத்தில் மினுமினுக்கும் செயற்கைப் பட்டு மேலங்கி.

சுவரோரம் அவருடைய இசைப்பெட்டிச் சாமான்கள். ரெக்கார்டு ப்ளேயர், இரும்புப் பெட்டி போன்ற ஆம்ப்ளிஃபயர், இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டு. நாற்பது வருடம் வானொலியில் ஒலிப்பதிவு செய்தவர் அவர்.

"ஒரு இசைத்தட்டு போடுங்க ஐயா, கேட்போம்," என்றாள் குல்ஷாரா.

அவர் விரலால் தடவியே ஊசியை இறக்கினார். தோம்ப்ரா வாத்தியத்தின் இரண்டு தந்திகளும் குதிரைக் குளம்புபோல ஓடின. ஒரு சொடுக்குக்கூடக் குறுக்கிடவில்லை. பால்போலச் சுத்தமான ஓசை.

வாசலில் நின்ற யெர்மெக் இரண்டு கைகளையும் விரித்தான். "பார்த்தீங்களா? டாக்டர் வந்தப்பவும் இப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரங்க வந்தப்பவும் இப்படித்தான். யார் வந்தாலும் சத்தம் இல்லை. தனியா இருக்கும்போது மட்டும் அவருக்குக் கேட்குதாம், துப்பாக்கி சுடுற மாதிரி. பாவம்." குரலைத் தாழ்த்தினான். "நான் என்ன குறை வச்சேன்? புதுக் கம்பளம் போட்டேன். பிறந்த நாளைக்கு மேலங்கி. செருப்பு. எல்லாம் என் கையாலயே."

அவன் சமையலறைக்குத் திரும்பியதும் கிழவர் ஊசியைத் தூக்கினார்.

"போயிட்டானா?"

"போயிட்டாரு."

"இது ஸ்டாட்டிக் அம்மா. உடம்புல தேங்குற மின்சாரம். நைலான்மேல இந்தச் செருப்பை இழுத்துக்கிட்டு நடந்து, இந்த அங்கியோட போய் இரும்பைத் தொட்டா, தேங்குனது அத்தனையும் ஒரே அடியா பாயும். ஸ்பீக்கர்ல டமார்னு வெடிக்கும். தட்டுமேலயும் ஏறி உட்கார்ந்துக்கிட்டு வறுத்த சோளம் மாதிரி பொரியும். எனக்கு இது தெரியாதா? வானொலியில இதோடதான் குடித்தனம் பண்ணேன்."

"அங்கியைக் கழட்டிட வேண்டியதுதானே?" என்றான் தில்முராத்.

"கழட்டினேன். மகன் அன்பா வாங்கிக் கொடுத்ததை வெறுக்கிறாரு, சந்தேகப்படுறாருன்னு டாக்டர் அம்மா எழுதினாங்க. கம்பளத்தைச் சுருட்டச் சொன்னேன். அதையும் எழுதினாங்க. சரி, வாயை மூடிக்கிட்டு ப்ளேயர்ல இருந்து ரேடியேட்டர் குழாய்க்கு ஒரு எர்த் கம்பி போட்டேன். எல்லா மின்சாரமும் அது வழியா இறங்கிடும். நின்னுச்சு. மறுநாள் கம்பி அறுந்து கிடந்துச்சு."

"மறுபடி இணைச்சீங்க."

"இணைச்சேன். மறுபடி அறுந்துச்சு. மறுபடியும் இணைச்சேன். 'யாரோ என் கம்பியை அறுக்கிறாங்க'ன்னு டாக்டர்கிட்ட ஒரே ஒரு தடவை சொன்னேன். அவ்வளவுதான்."

குல்ஷாரா ஸ்பீக்கருக்குப் பின்னால் மண்டியிட்டாள். வியர்த்த உள்ளங்கால்போல அந்தக் கம்பளம் கசகசவென்று ஈரமாக இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனாள். முதல் இணைப்பு: செம்பு இழைகள் பின்னல்போல முறுக்கப்பட்டு, மேலே நாடா சுற்றியிருந்தது. கண் தெரியாதவர் கைவேலை என்றால் நம்ப முடியாது. இரண்டாவதும் அப்படியே. ஒரு சாண் தள்ளி மூன்றாவது.

அங்கே நின்றாள்.

"இதையும் நீங்கதான் கட்டினீங்களா ஐயா?"

கிழவர் தடியின் தலையைத் தடவினார்.

"இது முறுக்கு இல்லை. முடிச்சு. துணிக்கயிறு கட்டுற மாதிரி ரெட்டை முடிச்சு. மேல சுத்தியிருக்கிறது விரல்ல காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரி."

"மூணாவது தடவை அறுந்தது எனக்குத் தெரியாது," என்றார் சபர்காலி மெதுவாக. "தடவிப் பார்த்தப்ப அறுந்தும் இருந்துச்சு, ஒட்டியும் இருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லலை. கம்பி தானா அறுந்து தானா ஒட்டிக்கிச்சுன்னு சொன்னா வியாழக்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டாங்க."

தில்முராத் குனிந்து அறுந்த முனைகளை முகர்வதுபோலப் பார்த்தான். "அக்கா, வெட்டு சாய்வா இருக்கு. கத்திரிக்கோல் நசுக்கும். இது கொக்கிக் கத்தி. இழுத்து அறுத்திருக்கு."

"அப்போ இந்த வீட்டுல அறுக்கிற கை ஒண்ணு, முடிச்சுப் போடுற கை ஒண்ணு," என்றாள் குல்ஷாரா. "உன் பெண்டாட்டி எப்பவாவது கம்பியை இப்படிக் கட்டியிருக்காளா?"

"என் பெண்டாட்டி என்னையே கட்டிக்கிட்டு வருத்தப்படுறா."

"போ. கழிப்பறை எங்கேன்னு தேடு. மெதுவா தேடு."

*

தில்முராத் தேடிவிட்டுத் திரும்பியபோது முகத்தில் கேலி இல்லை.

"மகனோட படுக்கையறை அக்கா. தரையில கம்பளியில நெய்த ஒசத்தியான விரிப்பு. கட்டிலுக்குக் கீழ தோல் செருப்பு. நைலான் ஒரு நூல்கூட இல்லை. அப்பாவுக்கு மட்டும் ஊதா."

"அவன் என்ன வேலை பார்க்குறான்?"

"கேட்டுட்டேன். கம்பளக் கடை. 'எங்க மாமியாருக்குக் கம்பளத்துல நடந்தா ஷாக் அடிக்குது சார், என்ன பண்றது'ன்னேன். யோசிக்கவே இல்லை. 'ஈரத் துணியைக் காயப்போடுங்க, பருத்தி உடுத்தச் சொல்லுங்க, மாமியாரைப் பிடிக்கலைன்னா ஒண்ணும் பண்ணாதீங்க'ன்னான். சொல்லிட்டுத் தொடையைத் தட்டிச் சிரிச்சான். நானும் கூடச் சிரிச்சேன். இப்ப வாய் கசக்குது."

ஈரத் துணி. குல்ஷாரா தலைக்கு மேலே தொங்கிய விரிப்புகளை நிமிர்ந்து பார்த்தாள். விருந்தாளி வருகிற நாளில், வீட்டின் முன்னறையில், எந்தக் குடும்பப் பெண்ணாவது சலவையைக் காயப்போடுவாளா? காற்றில் ஈரம் ஏறினால் ஸ்டாட்டிக் செத்துவிடும். வருகிறவர்கள் காதில் சத்தம் விழாது. அவர்கள் போனதும் துணி இறங்கும், காற்று காயும், கிழவர் தனியாக வெடிச் சத்தம் கேட்பார்.

கச்சிதமான ஏற்பாடு. துணி துவைக்கிற கை எதுவென்று அவளுக்குத் தெரியும்.

சமையலறையில் மருமகள் ஷோல்பான் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எலும்பு தெரியும் தோள்கள், இறுகிய வாய். வந்தவர்களுக்கு வணக்கம்கூடச் சொல்லாதவள். அடுப்பில் ஆட்டிறைச்சி கொதித்தது. ஆவியில் கொழுப்பு மிதந்து வந்து குல்ஷாராவின் உதட்டில் படிந்ததுபோல இருந்தது. யெர்மெக் வெளியே காருக்குப் போயிருந்தான்.

"விரிப்பெல்லாம் இன்னிக்குத்தான் துவைக்கணுமா?" குல்ஷாரா நேராகவே கேட்டாள்.

உருளை நின்றது. மறுபடி ஓடியது. "அழுக்கா இருந்துச்சு."

"டாக்டர் வந்த அன்னிக்கும் அழுக்கா இருந்துச்சா? பக்கத்து வீட்டுக்காரங்க வந்த அன்னிக்கு? யாராவது கதவைத் தட்டினா உன் வீட்டுத் துணிக்கு மட்டும் உடனே அழுக்கு ஏறிடுமா? ஒரு கண் தெரியாத மனுஷனைப் பைத்தியம் ஆக்குறதுக்கு நாலு விரிப்பும் ஒரு வாளித் தண்ணியும் போதும். வெட்கமா இல்லை?"

ஷோல்பான் திரும்பினாள். மாவு படிந்த வலது கையின் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. அதே மண் நிறம். அதே அகலம்.

குல்ஷாராவின் வாயில் இருந்த அடுத்த வசவு அங்கேயே நின்றுவிட்டது.

"அந்த முடிச்சு..."

"எனக்கு வேற மாதிரி கட்டத் தெரியாது," என்றாள் ஷோல்பான். குரல் கரகரத்தது. "அன்னிக்கு மாமா குளிக்கப் போயிருந்தாரு. தூசி தட்டும்போது கம்பி தொங்கிக்கிட்டு இருந்ததைப் பார்த்தேன். மாமா வந்து பார்த்தா உடைஞ்சு போயிடுவாரேன்னு கட்டினேன். செம்பு விரலைக் கிழிச்சிடுச்சு. இன்னும் ஆறலை."

"துணி?"

"துணி ஈரமா தொங்குற நாள்ல அந்தச் சத்தம் வராது. தற்செயலா பார்த்தேன். ஏன்னு எனக்குத் தெரியாது. மாமா அந்தச் சத்தம் கேட்டா நடுங்குறாரு, கத்துறாரு. வெளியாளுங்க முன்னாடி அப்படி நடந்துக்கிட்டா பைத்தியம்னு முடிவு கட்டிடுவாங்க. அதனாலதான் யாராவது வர்றாங்கன்னா ராத்திரியே துவைச்சிடுவேன். அவரு அமைதியா உட்கார்ந்திருக்கட்டும்னு."

குல்ஷாரா பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"ஷோல்பான், வந்தவங்க சத்தத்தைக் கேட்டிருந்தா அவரை நம்பியிருப்பாங்க. யாருக்கும் கேட்கலை. அதனாலதான் இல்லாத சத்தம் கேட்குதுன்னு எழுதினாங்க."

ஷோல்பான் மாவுப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ... நானா?"

"நீ இல்லை. உன்னோட நல்ல மனசை ஒருத்தன் பார்த்துக்கிட்டே இருந்தான். தடுக்கலை. காரணமும் சொல்லலை. அவன் கம்பள வியாபாரி, காரணம் தெரிஞ்சவன். கம்பியை அறுக்கிறது யாருன்னு உனக்குத் தெரியும்ல?"

"பார்த்ததில்லை."

"பார்க்கலையா, பார்க்க விரும்பலையா?"

ஷோல்பான் அடுப்பின் தீயைக் குறைத்தாள். "பத்தொன்பது வருஷம் என் வீட்டுக்காரருக்குச் சமைச்சுப் போட்டிருக்கேன்," என்றாள்.

வாசற்படியில் காலடி கேட்டது. குல்ஷாரா எழுந்தாள். "விரிப்பையெல்லாம் கழட்டிடு. மேல் ஜன்னலைத் திறந்து விடு. அறை எலும்பு மாதிரி காயணும். தில்முராத்! அந்தக் கம்பியை ஒழுங்கா இணைச்சுட்டு, ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, சத்தத்தை எவ்வளவு ஏத்த முடியுமோ அவ்வளவு ஏத்து. தட்டு போடாதே. விளக்கு எரியுறது தெரியாம ஏதாவது மூடிடு."

"என் கைக்குட்டை இருக்கு. ஆனா கழுவி ஒரு மாசம் ஆச்சு."

"இந்த வீட்டுக்கு அது பொருத்தம்."

*

சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தாள் டாக்டர் நீனா பாவ்லோவ்னா. ஒரு தனியார் மனநல மருத்துவமனையிலிருந்து, கிழவருக்குப் பதிலாகக் கையெழுத்திட ஒரு காப்பாளர் தேவையா என்று அறிக்கை எழுத வந்தவள். கறுத்த பனியை மிதித்து வந்த பூட்ஸைக் கழற்றி, ரோஜாச் செருப்புக்குள் நுழைந்து, நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போனாள். நோயாளி எங்கே என்று கேட்கவில்லை. குதிரை இறைச்சி இருக்கிறதா என்று கேட்டாள்.

எல்லாரும் சமையலறை மேசையில். சபர்காலி ஓர் ஓரம். யெர்மெக் தன் கையாலேயே டாக்டரின் தட்டில் கொழுப்புத் துண்டுகளை அடுக்கினான். அப்பாவின் தட்டில் மாவுத் துண்டுகளை மட்டும் போட்டுவிட்டு, "பல் இல்லை, பாவம்," என்றான். கிழவருக்குப் பல் வரிசையாக இருந்ததைக் குல்ஷாரா பார்த்தாள். தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள். "பதினொண்ணரைக்கு அந்த எர்த் கம்பியை நாங்களே புதுசா இணைச்சோம். அதுக்கப்புறம் அந்த அறையில இருந்தது ஐயா மட்டும்தான், தனியா. சாப்பிட்டதும் எல்லாரும் போய்ப் பார்ப்போம். கம்பி முழுசா இருந்தா அவர் பக்கம் நியாயம் இருக்குன்னு நான் எழுதிக் கொடுப்பேன்."

"அறுந்திருந்தா?" என்றாள் டாக்டர், எலும்பை உறிஞ்சியபடி.

"அறுந்திருந்தா அவரே அறுத்துட்டு மத்தவங்க மேல பழி போடுறாருன்னுதான் ஆகும். வேற வழியில்லை."

"அம்மா!" சபர்காலி எழப் பார்த்தார். குல்ஷாரா மேசைக்கு அடியில் அவர் மணிக்கட்டை அழுத்தினாள். அவர் அடங்கினார்.

யெர்மெக்கின் தாடை ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தியது. பிறகு மறுபடி மென்றது. "அடடா, அப்பாவோட பழைய மருத்துவச் சீட்டை உள்ளறையில வச்சுட்டேன். டாக்டருக்கு வேணுமே. இதோ வந்துடுறேன்," என்று எழுந்தான்.

புசுபுசுச் செருப்புகள் கூடத்தில் சரசரவென்று இழுபட்டன. தில்முராத் கூரையைப் பார்த்துக்கொண்டு தேநீரை ஊதினான். ஷோல்பான் கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

பத்து எண்ணுவதற்குள் கேட்டது.

டமார்!

வீடே அதிர்ந்தது. கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுத்தன. டாக்டரின் கையிலிருந்த எலும்பு குழம்பில் விழுந்தது. தொடர்ந்து, ஸ்பீக்கர் வழியே பூதம் உறுமுவதுபோல 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் தொடங்கியது. நிற்கவில்லை.

"முதல்ல கேட்டது, நைலான்ல நடந்தவன் இரும்பைத் தொட்டது," என்றார் சபர்காலி. சத்தம் கேட்டு நடுங்குவார் என்று சொல்லப்பட்ட மனிதர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "இப்ப கேட்குறது எர்த் அறுந்த இரைச்சல். இந்த நிமிஷம் அறுந்திருக்கு." முகத்தை மேசையைச் சுற்றித் திருப்பினார். "எல்லாரும் இங்கதானே இருக்கீங்க? ஷோல்பான்?"

"இருக்கேன் மாமா."

"டாக்டர் அம்மா?"

"இருக்கேன்," என்றாள் நீனா பாவ்லோவ்னா, வேறு வழியில்லாமல்.

அவர் அடுத்த பெயரைக் கேட்கவில்லை.

*

அறையில் யெர்மெக் ஸ்பீக்கருக்குப் பின்னால் குந்தியிருந்தான். ஒரு கையில் கம்பளம் அறுக்கும் கொக்கிக் கத்தி. மறு கையின் விரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டிருந்தான். கதவில் ஐந்து முகங்களைப் பார்த்ததும் விரலை எடுத்துவிட்டு அந்தப் பழைய சிரிப்பை மாட்டிக்கொண்டான்.

"தொங்கிக்கிட்டு இருந்துச்சு அப்பா. சரி பண்ணலாம்னு..."

"கத்தியாலயா சார்?" என்றான் தில்முராத். "நாங்க கடைத்தெருவுல ஈயம் வச்சு ஒட்டினோம். இத்தனை வருஷமா தொழில் தெரியாமலே பிழைச்சிருக்கோம் போல." அலமாரியில் இசைத்தட்டுகளுக்கு நடுவே செருகியிருந்த தன் ஃபோனை எடுத்தான். "எல்லாம் பதிவாயிருக்கு. ஷாக் அடிச்சதும் அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதுவும். எல்லார் முன்னாடியும் போடட்டுமா? எனக்கே கூசுது."

சிரிப்பு கழன்று விழுந்தது. அதற்கு அடியில் இருந்த முகத்தைக் குல்ஷாரா அப்போதுதான் முதல்முறை பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை. சலிப்புதான் இருந்தது. கடைவாயில் ஒதுக்கியிருந்த இறைச்சியை மறுபடி மெல்லத் தொடங்கினான்.

"என்ன கொலையா பண்ணிட்டேன்?" என்றான் மென்றுகொண்டே. "தெருவைப் பார்த்து மூணு ஜன்னல். சுவரை உடைச்சா கடை முகப்பு. கேட்டா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. கண்ணு தெரியாத ஆளுக்கு மூணு ஜன்னல் எதுக்கு? நாள் பூரா தட்டு சுத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதுக்கா? விடுதியிலயும்தான் ரேடியோ இருக்கு."

ஷோல்பான் அவனைத் தாண்டிப் போய்க் கொக்கிக் கத்தியை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவன் விட்டுவிட்டான். அவள் அப்படி ஒரு காரியம் செய்வாள் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை போலும்.

"தம்பி, அந்த இரைச்சலை நிறுத்துப்பா," என்றார் சபர்காலி. தில்முராத் நிறுத்தினான்.

திடீரென்று விழுந்த அமைதியில் டாக்டர் தொண்டையைச் செருமினாள். "இது குடும்பப் பிரச்சினை. நான் இதுல தலையிடக் கூடாது. இன்னொரு நாள் வர்றேன்." கூடத்து மேசைக்கு விரைந்து தன் காகிதங்களை அவசரமாகப் பைக்குள் திணித்தாள். அவசரத்தில் ஒரு தாள் நழுவித் தரையில் விழுந்தது. ஓடிப்போய்ப் பொறுக்க அவள் குனிவதற்குள் அதைக் குல்ஷாரா எடுத்துவிட்டாள்.

படித்தாள். இன்னொரு முறை படித்தாள். இந்தப் பொய் அறிக்கைகளின் வாடை பொறுக்காமல்தான் அவள் போலீஸ் வேலையை விட்டாள். அது இங்கேயும் வந்திருந்தது, முத்திரை குத்தி.

"நான் படிக்கிறேன், கேளுங்க ஐயா. 'இன்று வியாழக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நேரில் ஒரு மணி நேரம் பரிசோதித்ததில், சபர்காலி என்பவருக்கு இன்றைய தேதி, தான் இருக்கும் ஊர், தன் குடும்பத்தார் பெயர் எதுவும் சொல்ல இயலவில்லை.' கையெழுத்து இருக்கு. முத்திரை இருக்கு. மை எப்பவோ காஞ்சாச்சு." நிமிர்ந்தாள். "இப்ப மணி பன்னிரண்டு இருபத்தஞ்சு டாக்டர். நீங்க அவர்கிட்ட ஒரு கேள்விகூடக் கேட்கலை. குதிரை இறைச்சி இருக்கான்னு மட்டும்தான் கேட்டீங்க."

நீனா பாவ்லோவ்னாவின் கழுத்து சிவந்து, சிவப்பு காதுவரை ஏறியது. "அது... முன்கூட்டியே ஒரு வரைவு... எல்லாரும் அப்படித்தான்..."

"எல்லாருமா?" என்றான் தில்முராத். "அப்போ மத்தவங்க வீட்டுல எந்த நிறக் கம்பளம்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்ன அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

சபர்காலி தடியை ஊன்றி, தன் நாற்காலியைத் தேடி, உட்கார்ந்தார். மினுமினுத்த பச்சை அங்கியைக் கழற்றிக் கால்மாட்டில் போட்டார். உள்ளே பழைய பருத்திச் சட்டை.

"டாக்டர் அம்மா, எதிர்ல உட்காருங்க. வெள்ளைத் தாள் இருக்கா? இருந்தா எடுங்க. அந்தக் கேள்வியெல்லாம் இப்ப கேளுங்க. இத்தனை பேர் சாட்சி. நான் சொல்றதை மட்டும் எழுதுங்க."

டாக்டர் யெர்மெக்கைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். அவள் உட்கார்ந்தாள். பேனா மூடியைத் திறக்க இரண்டு முறை முயன்றாள்.

"இன்னிக்கு... என்ன தேதி?"

"பிப்ரவரி பதினெட்டு. வியாழன்."

"எந்த ஊர்ல இருக்கீங்க?"

"கரகண்டா. தரைத்தளம். ரெண்டாவது வாசல். என் பேர்ல இருக்கிற வீடு."

பேனா கீறிக்கொண்டே போனது. ஷோல்பான் சுவரோடு ஒட்டி நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்க?" டாக்டரின் குரல் கிட்டத்தட்டக் கேட்கவில்லை. "எத்தனை பேர்? பேர் சொல்ல முடியுமா?"

கிழவர் முகத்தை மகன் நின்ற பக்கம் திருப்பவில்லை. நேராக, டாக்டரின் மூச்சு கேட்ட திசையிலேயே பேசினார்.

"ஒருத்தன். யெர்மெக். நாற்பத்தாறு வயசு. ஏப்ரல் மாசம், விடியக்காலை அஞ்சு மணிக்குப் பொறந்தான். ரெண்டு கிலோ எழுநூறு கிராம். மூச்சு திணறிக்கிட்டே இருந்துச்சு. முதல் ஒன்பது நாளும் நான் தூங்கலை."

டாக்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"எழுதுங்கம்மா," என்றார் சபர்காலி. "ஞாபகம் நல்லாத்தான் இருக்குன்னு எழுதுங்க. அதுதான் கஷ்டம். அதையும் எழுதுங்க."